உழைக்கும் பிணங்கள்



மனிதன் எவற்றைக் கண்டு அஞ்சுகிறான் என்னும் வினாவுக்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் விடை கூறியுள்ளார். எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம் நான்கு காரணங்களால் பிறக்கும் என்பது அவர் கருத்து. வருத்தும் தன்மையுடைய அணங்கு ஒன்று, கொடிய விலங்கு மற்றொன்று, கள்வர் மூன்றாவது, தம்மை ஆளும் இறை நான்காவது. முதல் மூன்றையும் சிறு குழந்தையும் மறுக்காது. நான்காவதைப் படிக்கும்போதுதான் நாம் சற்றே நின்று சிந்திக்கிறோம். நம்மைக் காக்க வேண்டிய தலைவனும் அச்சத்துக்குக் காரணம் ஆவானோ? ஆவான் என்பதை வாழ்க்கையை நன்கு கண்ட அப்பெரியார் தயங்காமல் எழுதி வைத்தார்.

இந்தப் பழைய பகுப்பை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், ஜாம்பிப் படங்களின் தொடக்கக் காலம். ஜாம்பி என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றும் உருவம் எது என்பதை நான் அறிவேன். சிதைந்த முகம், தள்ளாடும் நடை, ஓயாத பசி. கடிபட்டவரும் அவ்வாறே மாறிவிடும் கொள்ளைநோய். தமிழில் 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மிருதன்’ வரையில் நாம் பார்த்துப் பழகிய ஜாம்பி இதுவே. ஆயின், திரையில் முதன்முதல் தோன்றிய ஜாம்பி எவரையும் கடிக்கவில்லை, எவரையும் தின்னவில்லை. அது செய்த தொழில் வேறு. அது கரும்பாலையில் வேலை செய்தது.

இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொண்டால், திகிற்படங்களின் வரலாற்றில் பழைய ஜாம்பிப் படங்களுக்குரிய இடம் யாது என்பதும் விளங்கிவிடும்.

ஜாம்பியின் பிறப்பிடம் கரிபியன் கடலிலுள்ள ஹைட்டி நாடு. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாடு பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. அப்பொழுது அதற்குச் செயின்ட் டொமிங்கு என்பது பெயர். உலகிலேயே மிகுதியாகச் சர்க்கரை தந்த குடியேற்ற நாடு அதுவே. அச்சர்க்கரையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1789ஆம் ஆண்டளவில் அவர்களின் தொகை ஏறக்குறைய 5,00,000 ஆக இருந்தது. பிறப்போரைக் காட்டிலும் இறப்போர் மிகுதியாக இருந்தமையால், ஆண்டுதோறும் புதிய அடிமைகளைக் கொணர்ந்துகொண்டே இருந்தனர். கரும்பு வெட்டும் காலத்தில் பகலில் வயலிலும் இரவில் ஆலையிலும் வேலை நடந்தது. ஆலையின் உருளைகளில் கை சிக்கிக் கையிழந்தவர் பலர்.

இவ்வாறு வாழ்ந்த மக்களுக்கு ஆறுதலாக இருந்தது ஒரே நம்பிக்கை. இறந்தபின் தம் உயிர் கடல் கடந்து முன்னோர் வாழ்ந்த ஆப்பிரிக்க மண்ணுக்குத் திரும்பும் என்று அவர்கள் நம்பினர். சாவு அவர்களுக்கு விடுதலையாகத் தோன்றியது. அப்படியானால், அவர்கள் அஞ்சத்தக்க கொடுமைகளுள் மிகப் பெரியது எதுவாக இருக்கும்? இறந்த பிறகும் விடுதலை கிட்டாமற் போவதே அன்றோ! மந்திரவாதி ஒருவன் புதைகுழியைத் தோண்டிப் பிணத்தை எழுப்பி, அறிவும் நினைவும் இல்லாத உடலாக்கி, மீண்டும் வயலில் வேலை வாங்குவான் என்ற கதை இந்த அச்சத்திலிருந்து வளர்ந்தது. அவ்வாறு எழுப்பப்பட்ட உடலே ஜாம்பி. அதற்கு உப்பிட்ட உணவைத் தரலாகாது என்பர். உப்பின் சுவை நாவிற்பட்டால், தான் இறந்தவன் என்ற நினைவு அதற்கு வந்துவிடும். உடனே தன் புதைகுழியைத் தேடிப் போய்விடும்.

ஹைட்டி மக்கள் ஜாம்பி தம்மைத் தாக்கும் என்று அஞ்சியவர் அல்லர். தாமே ஜாம்பியாகிவிடுவோமோ என்று அஞ்சியவர்கள். 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804 ஜனவரி முதல் நாளில் ஹைட்டி விடுதலை பெற்ற நாடாயிற்று. அடிமை முறை ஒழிந்தது. ஆனால் அந்த அச்சம் கதையாக நிலைத்துவிட்டது. ஒருவருக்கு மருந்தூட்டி உயிரற்றவர் போலக் கிடக்கச் செய்து, அந்நிலையில் அவரைப் புதைத்துவிட்டால், அதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இடம்பெற்றது என்றால், அவ்வச்சம் எவ்வளவு ஆழமானது என்பதை நீங்கள் உணரலாம்.

இக்கதை கடல் கடந்து ஹாலிவுட்டுக்கு எவ்வாறு சென்றது? 1915ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைகள் ஹைட்டியில் இறங்கின. 1934 வரையில் அங்கிருந்து அகலவில்லை. ஆக்கிரமிப்பின் தொடக்க ஆண்டுகளில், வழக்கொழிந்து கிடந்த பழைய சட்டம் ஒன்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்து, குடியானவர்களைப் பிடித்துச் சென்று கூலியின்றிச் சாலை போடச் செய்தனர். அடிமைத்தனம் திரும்பிவிட்டதென்று மக்கள் கொதித்தெழுந்தனர். அந்நாளில் ஹைட்டிக்குச் சென்ற வில்லியம் சீபுரூக் என்னும் அமெரிக்கர் 1929இல் ‘தி மேஜிக் ஐலண்ட்’ என்ற பயண நூலை வெளியிட்டார். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யும் பிணங்களைப் பற்றி அந்நூலில் ஓர் அதிகாரம் உண்டு. நூல் பரபரப்பாக விற்பனையாயிற்று. 1932இன் தொடக்கத்தில் கென்னத் வெப் என்பவர் எழுதிய ‘ஜாம்பி’ என்னும் நாடகம் நியூயார்க்கில் மேடையேறிச் சில வாரங்களிலேயே நின்றுபோயிற்று. அதே ஆண்டில் திரைப்படமும் வந்துவிட்டது.

அப்படத்தின் பெயர் ‘ஒயிட் ஜாம்பி’. அதாவது, வெள்ளை ஜாம்பி. முழுநீள ஜாம்பிப் படங்களுள் முதலாவதாகத் திரை வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கொள்வது இதனையே. விக்டர் ஹால்பெரின் இயக்கினார். அவர் உடன்பிறந்த எட்வர்ட் ஹால்பெரின் தயாரித்தார். அதற்கு முந்திய ஆண்டாகிய 1931இல்தான் யூனிவர்சல் நிறுவனத்தார் ‘டிராகுலா’, ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் இரு படங்களை வெளியிட்டு, திகிற்படம் என்ற வகைக்கே வாணிக மதிப்பைத் தேடித் தந்திருந்தனர். ஹால்பெரின் உடன்பிறப்புக்களிடம் பணம் குறைவு. ஆகையால் யூனிவர்சல் நிலையத்தில் வேறு படங்களுக்காகக் கட்டியிருந்த அரங்குகளையே பயன்படுத்தி, ஏறக்குறைய 11 நாட்களில் படத்தை முடித்தனர். டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பேலா லுகோசி இதில் மந்திரவாதியாக நடித்தார்.

கதை மிக எளிது. மேடலின் என்னும் இளம்பெண் தன் காதலனை மணப்பதற்காக ஹைட்டிக்கு வருகிறாள். அவள்மீது ஆசை கொண்ட தோட்ட முதலாளி ஒருவன், லெஜந்தர் என்னும் மந்திரவாதியை நாடுகிறான். அவன் கொடுத்த மருந்துப்பொடியால் மணநாளிலேயே அவள் இறந்தவள்போல் சாய்கிறாள். புதைத்தபின் அவளைக் கல்லறையிலிருந்து எடுத்து லெஜந்தரின் கோட்டையில் வைக்கின்றனர். அவள் பியானோ வாசிக்கிறாள், விழிகள் திறந்திருக்கின்றன, ஆனால் உள்ளே எவரும் இல்லை. முதலாளி தன் செயலுக்காக வருந்துகிறான். வருந்திய அவனுக்கும் லெஜந்தர் அதே மருந்தைப் புகட்டிவிடுகிறான். இறுதியில் லெஜந்தரும் அவனுடைய ஜாம்பிகளும் கடலோரச் செங்குத்துப் பாறையிலிருந்து வீழ்ந்து மடிய, மேடலின் கண்விழிக்கிறாள்.

நடிப்பு பல இடங்களில் செயற்கையானது; அக்கால விமரிசகர்கள் படத்தை நகையாடியதில் வியப்பில்லை. எனினும் இரண்டு காட்சிகளுக்காக இப்படத்தை நீங்கள் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

முதலாவது, படத்தின் தொடக்கம். இரவு நேரம். நடுச்சாலையில் குழி தோண்டிப் பிணத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டியிற் செல்லும் காதலர் இருவரும் காரணம் விளங்காமல் திகைக்கின்றனர். ஆள் நடமாட்டமுள்ள சாலையின் நடுவே புதைத்தால் பிணத்தைத் திருடிச் செல்ல முடியாது என்பதே காரணம் என்று வண்டிக்காரன் விளக்குகிறான். இறந்தவரையும் களவிலிருந்து காக்க வேண்டிய நாடு இது என்பதை ஒரே காட்சி உணர்த்திவிடுகிறது.

இரண்டாவது, கரும்பாலைக் காட்சி. பெரிய மர உருளையைச் சுற்றிக் கறுப்பின மனிதர் பலர் வட்டமாக நடந்து அதைத் தள்ளுகிறார்கள். வேறு சிலர் கூடைகளில் கரும்பைச் சுமந்து வரிசையாக மேலேறி வருகிறார்கள். எவர் முகத்திலும் சலனம் இல்லை. ஒருவன் கால் இடறி ஆலை இயந்திரத்துக்குள் விழுகிறான். அலறல் இல்லை. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உருளை நிற்கவில்லை. திரைப்படம் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன காலம் அது. ஓயாத பேச்சால் படங்களை நிரப்பிய அக்காலத்தில், இக்காட்சியின் பெரும்பகுதியில் நம் செவியில் விழுவது மரம் முனகும் ஓசை ஒன்றே. அம்முனகல்தான் அந்த மனிதர்களுக்கு மிஞ்சிய குரல் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அக்காட்சியைக் காணும் தோட்ட முதலாளியிடம் லெஜந்தர் தன் வேலையாட்களைப் புகழ்ந்து பேசுகிறான். அவர்கள் உண்மையாய் உழைப்பவர்கள் என்றும், வேலை நேரம் நீண்டாலும் முறையிடாதவர்கள் என்றும் பெருமை கொள்கிறான். படம் வெளிவந்த 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம். தொழிலாளர் நால்வருள் ஏறக்குறைய ஒருவர் வேலையிழந்து நின்றார். அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அச்சொற்கள் மாயக்கதையாக மட்டும் ஒலித்திருக்குமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, தொல்காப்பியரின் பகுப்புக்கு வருவோம். டிராகுலா அணங்கின் இனம். 1941இல் யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட ‘தி உல்ஃப் மேன்’ படத்தின் ஓநாய் மனிதன் விலங்கின் இனம். அவற்றைப் பார்க்கும்போது நாம் பூதத்தைக் கண்டு அஞ்சுகிறோம். ‘ஒயிட் ஜாம்பி’யிலோ நாம் பிணங்களைக் கண்டு இரங்குகிறோம், அவற்றின் எசமானனைக் கண்டு அஞ்சுகிறோம். தன் ஆசானையும், தன்னை எதிர்த்த அமைச்சனையும், காவற்படைத் தலைவனையும் ஜாம்பிகளாக்கித் தனக்கு ஏவல் செய்ய வைத்திருக்கிறான் லெஜந்தர். இங்கே அச்சத்தின் நிலைக்களன் நான்காவதாகிய இறையே. பிற பூதங்களுக்கு இல்லாத தனிச்சிறப்பு இது. மற்றொரு வேறுபாடும் உண்டு. டிராகுலாவும் பிராங்கன்ஸ்டைனும் ஐரோப்பிய நாவல்களிலிருந்து திரைக்கு வந்த உருவங்கள். ஜாம்பிக்குப் பின்னால் நாவல் எதுவும் இல்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் வாய்மொழியே அதற்கு மூலம்.

எனினும் இப்படத்தின் குறையையும் கூறாமல் விடுவது முறையாகாது. அதன் பெயரைக் கவனியுங்கள். கறுப்பின மக்கள் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அனுபவித்த கொடுமை, ஒரு வெள்ளைப் பெண்ணுக்கு நேரும்போதுதான் கதைக்குரிய பொருளாகிறது. அவளை மீட்க வீரர்கள் வருகிறார்கள். ஆலையைச் சுற்றும் மனிதர்களை மீட்க எவரும் வரவில்லை. அவர்கள் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்பாரும் இல்லை. படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஹைட்டி மண்ணில் அமெரிக்கப் படை நின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றியும் படம் வாய் திறக்கவில்லை. ஹைட்டி மக்களின் சமயமாகிய வூடூவை இப்படமும் இதன் வழிவந்தவையும் வெறும் பில்லிசூனியமாகவே காட்டின. ஆப்பிரிக்க முன்னோர் வழிபாடும் கத்தோலிக்க மரபும் கலந்து வளர்ந்த அச்சமயத்தை ஹைட்டி அரசு 2003ஆம் ஆண்டில் முறையாக ஏற்றுக்கொண்டது.

அடுத்த பத்து ஆண்டுகளில் வந்த படங்களை விரைந்து கடந்துவிடலாம். ஹால்பெரின்களே 1936இல் ‘ரிவோல்ட் ஆஃப் தி ஜாம்பீஸ்’ என்னும் படத்தில் ஜாம்பியைக் குண்டுகளுக்கு அஞ்சாத போர்வீரனாக்கினர். படம் வெற்றி பெறவில்லை. 1941இல் வந்த ‘கிங் ஆஃப் தி ஜாம்பீஸ்’ நகைச்சுவையை நாடியது. 1943இல் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி ஜாம்பீஸ்’ ஹிட்லருக்காகப் பிணப்படை திரட்டும் மருத்துவரைக் காட்டியது. உழைப்பாளி ஏவலாளியாகவும் படைவீரனாகவும் மாறினான். கதையின் உயிர் மெலிந்துகொண்டே வந்தது.

அதே 1943ஆம் ஆண்டில் ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் வெளியீடாக வந்த ‘ஐ வாக்ட் வித் எ ஜாம்பி’ இதற்கு விலக்கு. தயாரித்தவர் வால் லூட்டன். இயக்கியவர் ழாக் டூர்னர். நிறுவனம் லூட்டனுக்குத் தந்தவை மூன்று: மலிவான தலைப்பு, சிறிய தொகை, குறுகிய காலம். அத்தலைப்பை வைத்துக்கொண்டு, ‘ஜேன் அயர்’ நாவலின் கதையமைப்பை மேற்கிந்தியத் தீவு ஒன்றில் பொருத்தி, 69 நிமிடப் படமாக அவர் ஆக்கித் தந்தது, நல்ல கலைஞனுக்கு வறுமையும் உதவும் என்பதற்குச் சான்று.

செயின்ட் செபாஸ்டியன் என்பது படத்தில் வரும் கற்பனைத் தீவு. கரும்புத் தோட்ட முதலாளியின் மனைவி ஜெசிக்கா, பேச்சும் உணர்வும் இன்றி இரவில் நடமாடுகிறாள். அவளுக்குப் பணிவிடை செய்யக் கனடாவிலிருந்து ஒரு செவிலி வருகிறாள். நோயா, மந்திரமா? படம் இறுதிவரை உறுதியாகச் சொல்வதில்லை. மருத்துவம் கைவிட்ட நிலையில், செவிலி ஜெசிக்காவை நள்ளிரவில் வூடூ வழிபாட்டிடத்துக்கு அழைத்துச் செல்கிறாள். இருவரும் கரும்பு வயலினூடே நடக்கும் அக்காட்சி திகிற்படக் கலையின் உயர்ந்த பக்கங்களுள் ஒன்று. பின்னணி இசை இல்லை. காற்றில் கரும்புத் தோகை உரசுகிறது. துளையிட்ட சுரைக்குடுக்கை ஒன்று காற்றுப் புகுந்து ஊளையிடுகிறது. மரத்தில் விலங்கின் உடல் தொங்குகிறது. பாதை பிரியும் இடத்தில் உயரமான கறுப்பின மனிதன் ஒருவன் விழித்த கண்ணோடு அசையாமல் நிற்கிறான். அவன் எதுவும் செய்யவில்லை. அவன் நிற்பதே போதுமானதாக இருக்கிறது.

இப்படத்தில் முதலாளியின் வீட்டு முற்றத்தில் ஒரு மரச்சிலை உண்டு. அம்பு பாய்ந்த புனித செபாஸ்டியனின் உருவம் அது. முற்காலத்தில் அடிமைகளை ஏற்றிவந்த கப்பலின் முகப்பில் இருந்தது. செவிலியை அழைத்துவரும் வண்டிக்காரன், தம் முன்னோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டு அக்கப்பலில் வந்த கதையைச் சொல்கிறான். எவ்வாறு வந்தாலும் அழகிய இடத்துக்குத்தானே வந்து சேர்ந்தார்கள் என்கிறாள் அவள். அவன் மறுக்கவில்லை, நீங்கள் அப்படிச் சொன்னால் சரி என்ற அளவில் பணிவாக நிறுத்திக்கொள்கிறான். அந்தப் பணிவுக்குள் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது! அத்தீவில் குழந்தை பிறந்தால் மக்கள் அழுகிறார்கள். ஒருவர் இறந்தால் மகிழ்கிறார்கள். சாவே விடுதலை என்று எண்ணிய அடிமைகளின் நினைவு அங்கே மாறாமல் வாழ்கிறது. ‘ஒயிட் ஜாம்பி’ சொல்லாமல் விட்ட வரலாற்றை இப்படம் மெல்லிய குரலிலேனும் சொல்லிற்று.

பழைய மரபில் வந்த கடைசிப் பெரும்படம் என்று 1966இல் இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனம் வெளியிட்ட ‘தி பிளேக் ஆஃப் தி ஜாம்பீஸ்’ என்பதைக் கூறலாம். கார்ன்வால் பகுதியிலுள்ள சிற்றூர்ப் பண்ணையார் ஒருவர், ஹைட்டியில் கற்ற வித்தையால் ஊராரைக் கொன்று எழுப்பித் தம் வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை வாங்குகிறார். உயிருள்ளவர் இறங்க மறுக்கும் ஆபத்தான சுரங்கத்தில் பிணங்கள் இறங்குகின்றன. இடம் மாறிற்று, பொருள் மாறவில்லை.

இரண்டே ஆண்டுகளில் எல்லாம் மாறியது. 1968இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரொமேரோ, ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்னும் படத்தை ஏறக்குறைய 1,14,000 டாலர் செலவில் எடுத்தார். இறந்து மீண்டும் எழுந்தவர்கள் உயிருள்ளவரைத் தின்கிறார்கள். ஜாம்பி என்ற சொல்லைப் படத்தில் எவரும் சொல்வதில்லை. ஆயினும் உலகம் அவற்றை ஜாம்பி என்றே அழைத்தது. பின்னர் வந்தவற்றுள் பெரும்பாலானவை இதன் வழியிலேயே சென்றன. இன்று நாம் காணும் பசித்த கூட்டம் இப்படத்தின் வழித்தோன்றலே.

இம்மாற்றத்தில் மறைந்துபோனவன் யார்? எசமானன். புதிய ஜாம்பிக்கு ஏவுவோர் இல்லை. ஆகவே அதன் நிலைக்குப் பொறுப்பேற்போரும் இல்லை. அது காரணம் தெளிவாகாத பேரிடர். தலையிற் சுட்டு வீழ்த்த வேண்டிய பகை. முன்பு நாம் ஜாம்பியாகிவிடும் நிலையை எண்ணி அஞ்சினோம். இப்பொழுது ஜாம்பியின் கையில் அகப்படுவதை எண்ணி அஞ்சுகிறோம். ஆயினும் ரொமேரோவின் படத்தில் பழைய கேள்வி வேறு வடிவில் திரும்பி வருகிறது. டுவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பின நடிகர் அதன் நாயகர். இரவெல்லாம் போராடி உயிர் தப்பிய அவரை, விடியற்காலையில் வந்த துப்பாக்கி ஏந்திய கூட்டம் அவரும் பிணங்களுள் ஒருவர் என்று கருதிச் சுட்டு வீழ்த்துகிறது. யாரை மனிதனாகக் காண்பது, யாரை வெற்றுடலாகக் காண்பது என்ற கேள்வி அது. கரும்பாலையைச் சுற்றிய மனிதர்கள் அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே. அவர்களுக்குத்தான் நா இல்லை.

திகிற்படம் பார்ப்பது காலத்தை வீணாக்குவது என்று கூறும் பெரியோர் உண்டு. நான் அக்கருத்தினன் அல்லேன். ஒரு சமுதாயம் எதை மதிக்கிறது என்பதை அதன் காவியங்கள் காட்டும். எதை எண்ணி இரவில் உறக்கம் இழக்கிறது என்பதை அதன் பேய்க்கதைகள் காட்டும். ஆனால் அவற்றைப் பார்க்கும்போது ஒரு வினாவை மறவாமல் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படம் யாரைக் கண்டு என்னை அஞ்சச் சொல்கிறது? ஏவியவனைக் கண்டா, ஏவப்பட்டவனைக் கண்டா? ஹைட்டி நாட்டு அடிமைகள் இவ்வினாவுக்குச் சரியான விடையை அறிந்திருந்தனர். பிணத்தின் நாவில் ஒரு கல் உப்பு பட்டால் போதும், தான் யார் என்பது அதற்கு நினைவு வந்துவிடும் என்று அவர்கள் சொன்ன கதையில், பிற்காலப் படங்கள் பலவற்றில் காண முடியாத நம்பிக்கை ஒன்று இருக்கிறது.